எத்தனை கிலோ என்பதற்கு முன் எப்படி என்று கேட்போம்

"மகன் மாலையில் ஜிம்முக்குப் போகிறான், நெஞ்சுக்கு மேலே இரும்பை வைத்துத் தூக்குகிறானாம், அதனால் கெடுதல் ஒன்றும் வராதா?" என்று பெற்றோர் மருத்துவர்களிடம் கேட்பதுண்டு. தோள்வலியோடு வரும் இளைஞர்கள் வேறொரு கேள்வியைக் கொண்டுவருவார்கள்: "மறுபடியும் அதே எடையை எப்போது தூக்கலாம்?" இவ்விரண்டுக்கும் நடுவே கேட்கப்படாமலே போகும் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அந்த இளைஞர் பலகையில் எப்படிப் படுத்தார், இரும்பை எங்கே பிடித்தார், எவ்வாறு இறக்கினார் என்பதே அது. முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி அதுதான் என்பது எங்கள் கருத்து. அதற்கான காரணங்களை இவ்விதழில் வாசகர்முன் வைக்கிறோம்.

பெஞ்ச் பிரஸ் என்னும் இப்பயிற்சியை அறியாத பெரியவர்களுக்காகச் சில சொற்கள். தட்டையான பலகை ஒன்றில் மல்லாந்து படுத்து, இருபுறமும் எடைத்தட்டுகள் கோத்த இரும்புத் தண்டைத் தாங்கியிலிருந்து எடுத்து, மார்புவரை இறக்கி, மீண்டும் கைகள் நிமிரும்வரை மேலே தள்ளுவதே இப்பயிற்சி. பயிற்சிக்கூடங்களில் அத்தண்டை 'ராடு' என்பார்கள். மார்புத் தசை, தோளின் முன்புறத் தசை, மேற்கையின் பின்புறத் தசை ஆகிய மூன்றும் இதனால் வலுப்பெறுகின்றன. நம் முன்னோர் எடுத்த தண்டாலும் இதே தசைகளுக்கான பயிற்சிதான். தண்டாலில் உடல் மேலேயும் தரை கீழேயும் இருக்கும். இதில் உடல் கீழேயும் எடை மேலேயும் இருக்கும். வேறுபாடு அவ்வளவே எனத் தோன்றலாம். ஆனால் தண்டாலில் கை சோர்ந்தால் தரையில் படுத்துவிடலாம். இங்கே கை சோர்ந்தால் இரும்பு நம்மேல் வந்து படுக்கும்.

ஆயினும் இப்பயிற்சியே வேண்டாம் என்று சொல்ல நாங்கள் முன்வரவில்லை. வாரத்தில் இரண்டு நாட்களேனும் உடலின் பெருந்தசைகள் அனைத்தையும் வலுவாக்கும் பயிற்சி வயதுவந்தோர்க்குத் தேவை என்று உலக நலவாழ்வு அமைப்பு 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது பொது. தசைவலு சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைக்கத் துணைசெய்கிறது. எலும்பு தேய்வதைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே "ஜிம்முக்கே போகாதே" என்று தடுக்கும் பெற்றோரின் அச்சத்தை நாங்கள் புரிந்துகொண்டாலும் அத்தடையை ஏற்கவில்லை. தடுக்கப்பட்ட மகன் வீட்டுக்குத் தெரியாமல் போவான்; அவனுக்கு நேர்ந்த வலியையும் வீட்டுக்குத் தெரியாமல் மறைப்பான். அதே வேளையில், எத்தனை கிலோ தூக்கினான் என்பதை மட்டுமே கணக்கெடுக்கும் நண்பர் கூட்டத்தின் ஆர்வத்தையும் நாங்கள் ஏற்கவில்லை.

விருத்தாசலத்தில் வாழ்வோர்க்கு இதனை விளக்குவது எளிது. மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலால் பெயர்பெற்ற இவ்வூர், பீங்கானாலும் பெயர்பெற்றது. அருகிலுள்ள நெய்வேலிப் பகுதியில் கிடைக்கும் களிமண் வளத்தை ஒட்டி வளர்ந்த செராமிக் தொழில் இங்கே பல குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. பீங்கான் தொழில்நுட்பத்தைப் பட்டயப் படிப்பாகக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இங்கு உண்டு. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொருள் ஒன்று சற்றே கோணினால், உடனே கையால் நிமிர்த்திவிடலாம். பார்வைக்கும் அது நேராகவே தெரியும். ஆனால் 1,200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூளை வெப்பத்தில் அது மீண்டும் தன் பழைய கோணலுக்கே திரும்பக்கூடும். தொடக்கத்தில் நேர்ந்த கோணல் கடைசியில் தீயின்முன் வெளிப்படும் என்பது இத்தொழிலில் இருப்போர் அறிந்த உண்மை. பெஞ்ச் பிரஸ்ஸிலும் அப்படித்தான். வெறும் தண்டைத் தூக்கும் நாளில் பழகிய தவறான படுக்கை அன்றைக்கு வலிக்காது. எடை ஏறிய பின்னரே அது தோளில் வலியாக வெளிப்படும்.

தோள்தான் இதில் முதலில் துன்பப்படும் உறுப்பு. நம் உடலில் மிக அதிகமாகச் சுழலக்கூடிய மூட்டு அதுவே. அதனாலேயே எளிதில் நிலைகுலையும் மூட்டும் அதுவே. இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் உருண்டை ஆழமான கிண்ணத்தில் பொருந்தியிருக்கிறது. தோளிலோ மேற்கை எலும்பின் பெரிய உருண்டை, ஆழமற்ற சிறு தட்டொன்றின்மேல் எலுமிச்சம்பழம் வைத்தாற்போல் அமர்ந்திருக்கிறது. அதனை இடத்தில் இருத்திவைப்பவை அதனைச் சூழ்ந்த நான்கு சிறு தசைகளும் அவற்றின் தசைநாண்களும் ஆகும். அவற்றுள் ஒன்று, எலும்பு உருண்டைக்கும் தோளின் எலும்புக் கூரைக்கும் இடையேயுள்ள குறுகிய வழியில் செல்கிறது. அவ்வழி குறுகும் நிலையில் கையை வைத்து ஆயிரம் முறை எடை தள்ளினால் அந்நாண் நசுங்கும், வீங்கும், நாளடைவில் நைந்துபோகும். சட்டை மாட்டும்போது வலிக்கிறது, அந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் தூக்கம் கலைகிறது என்று வருவோர் பலரிடம் நிகழ்வது இதுதான்.

அவ்வழி குறுகாமல் எடையைத் தள்ள ஒரு படுக்கை முறை உண்டு. அதனைக் கீழிருந்து மேலாகச் சொல்கிறோம்.

முதலில் பாதங்கள். இரண்டும் முழுமையாகத் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். போட்டிகளுக்குரிய பலகையின் உயரம் 42 முதல் 45 சென்டிமீட்டர். உயரம் குறைந்தவர்க்கு அதில் படுத்தால் குதிகால் தரையில் எட்டாமல் போகலாம். அவர்கள் பாதத்தின் கீழே எடைத்தட்டோ மரக்கட்டையோ வைத்துக்கொள்ளலாம். கால்களைப் பலகையின் மேலே மடித்து வைத்துக்கொள்வதும், அந்தரத்தில் தூக்கிக்கொள்வதும் எடை கூடும்போது ஆபத்தானவை. உடல் ஒருபக்கம் உருண்டால் ஊன்றிக்கொள்ள எதுவும் இருக்காது.

அடுத்து இடுப்பு. புட்டம் பலகையைவிட்டு எழக்கூடாது. முதுகின் கீழ்ப்பகுதி இயல்பாகவே சிறிது வளைந்திருக்கும். அதனடியில் ஓர் உள்ளங்கை நுழையும் அளவு இடைவெளி இருப்பது சரியே. அவ்வளைவை அழுத்தித் தட்டையாக்க வேண்டியதில்லை. போட்டி வீரர்கள் உடலை வில்லாக வளைப்பதைப் படங்களில் கண்டு அதனைப் போலச் செய்யவும் வேண்டியதில்லை. அவ்வளைவு அவர்களுடைய போட்டித் தேவைக்கு உரியது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் தலையாயது, தோள்பட்டை எலும்புகள். முதுகின் மேற்புறத்தில் சிறகுகள் போல் இருக்கும் அவ்விரண்டையும் ஒன்றையொன்று நெருங்குமாறு பின்னால் இழுத்து, பின்னர் இடுப்பை நோக்கிச் சற்றே தாழ்த்தி, அந்நிலையிலேயே பலகையின்மேல் அழுத்திவைக்க வேண்டும். அப்போது மார்பு தானாக நிமிரும். எலும்பு உருண்டை தன் தட்டில் நன்றாக அமரும். மேலே சொன்ன குறுகிய வழி அகலும். இந்த ஒன்றைச் செய்யாமல் தோள்களை முன்னால் உருளவிட்டுத் தள்ளுவோரே பெரும்பாலும் வலியைத் தேடிக்கொள்கிறார்கள். களிமண் பிசைதல், அச்சு சுமத்தல், சூளையில் அடுக்குதல் என நாள் முழுதும் குனிந்து, கைகளை முன்னால் நீட்டி வேலைசெய்யும் தொழிலாளர்க்குத் தோள்கள் ஏற்கெனவே முன்னால் உருண்டிருக்கும். ஆகவே அவர்கள் மாலையில் நெஞ்சுப் பயிற்சியோடு நின்றுவிடாமல், முதுகுக்கான இழுக்கும் பயிற்சிகளையும் அதே அளவேனும் செய்ய வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

நான்காவது தலை. பின்தலை பலகையில் பதிந்திருக்க, கண்கள் தாங்கியில் உள்ள தண்டுக்கு நேர்கீழே இருக்குமாறு படுக்க வேண்டும். அதற்கு மேலே தள்ளிப் படுத்தால் தூக்கும்போது தண்டு தாங்கியில் இடிக்கும். கீழே இறங்கிப் படுத்தால் தாங்கியிலிருந்து எடுக்கும் கணத்திலேயே தோள் பின்னால் இழுபட்டு நிலைகுலையும்.

ஐந்தாவது கைப்பிடி. தோளகலத்தைவிடச் சற்று அகலமாகப் பிடிக்க வேண்டும். தண்டு மார்பைத் தொடும் நேரத்தில் முன்கைகள் இரண்டும் தரைக்குச் செங்குத்தாக நிற்பதே சரியான அகலத்துக்கு அடையாளம். கட்டைவிரல் கட்டாயம் தண்டைச் சுற்றிவர வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடிப்பது வசதியாக இருக்கிறது என்போர் உண்டு. அப்பிடியில் தண்டு வழுக்கினால் அது நேராக விழும் இடம் மார்பு அல்லது கழுத்து. இந்த ஒன்றில் மட்டும் விதிவிலக்கே கூடாது என்பது எங்கள் உறுதியான நிலை.

மணிக்கட்டைப் பற்றிச் சொல்லவும் நம் ஊர்ப் பொருள் ஒன்றே உதவுகிறது. மின்கம்பங்களில் காணும் பீங்கான் காப்பான்கள் நேராக அமுக்கும் பாரத்தைப் பெரிதும் தாங்கும். வளைக்கும் விசை வந்தால் எளிதில் முறியும். பீங்கானின் இயல்பு அது. மணிக்கட்டும் ஏறத்தாழ அத்தகையதே. உள்ளங்கையின் அடிமேட்டில், முன்கை எலும்புகளுக்கு நேர்மேலே தண்டு அமர்ந்தால் பாரம் எலும்பின் வழியே நேராக இறங்கும். விரல்களின் பக்கம் தண்டு தள்ளி அமர்ந்து மணிக்கட்டு பின்னால் மடிந்தால், அதே பாரம் மூட்டை வளைக்கும் விசையாக மாறும். மணிக்கட்டுப் பட்டை கட்டிக்கொண்டு இத்தவறைத் தொடர்வது தீர்வாகாது.

படுக்கை அமைந்த பின் அசைவு. இரண்டு மூன்று நொடிகள் எடுத்துக்கொண்டு, கட்டுப்பாட்டோடு தண்டை இறக்க வேண்டும். அது தொட வேண்டிய இடம் கழுத்தெலும்புப் பகுதி அன்று, மார்பின் கீழ்ப்பகுதி. முழங்கைகள் சிலுவையைப் போல உடலுக்குச் செங்குத்தாக விரிந்து நிற்கக்கூடாது. அதுவே தோளின் நாண் நசுங்கும் நிலை. உடலோடு ஒட்டிக்கொள்ளவும் வேண்டியதில்லை. அம்பின் தலையைப் போல, உடலுக்கு 45 முதல் 70 பாகை வரையிலான சாய்வில் அவை இருப்பது நன்று. மார்பில் தொட்ட தண்டை எகிறச்செய்து அதன் வேகத்தில் தூக்குவது விலாவெலும்புக்கும் நெஞ்செலும்புக்கும் அடியாகும். தொட்டதும், மேல்நோக்கியும் சற்றே தலைப்பக்கமாகவும் தள்ளித் தோளுக்கு நேர்மேலே கொண்டுசென்று நிறுத்த வேண்டும். இறக்கும்போது மூச்சை உள்ளிழுத்து, தள்ளும்போது வெளிவிட வேண்டும். மூச்சை அடக்கித் தள்ளினால் இரத்த அழுத்தம் அந்நேரத்தில் மிக உயரும். நல்ல உடல்நலம் உடைய பயிற்சி பெற்றவர் அதனைத் தாங்கலாம். இரத்த அழுத்த நோயுள்ளவர் அவ்வாறு செய்யக்கூடாது.

இவ்வளவையும் படித்த இளைஞர் ஒருவர், "இத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தால் எடை கூடுவது எப்போது?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. எடையையே தொழிலாகக் கொண்டவர்களின் போட்டி விதிகளில் அதற்கு விடை இருக்கிறது. பன்னாட்டுப் பளுவுயர்த்தும் போட்டியில் தலை, தோள், புட்டம் மூன்றும் பலகையில் பதிந்திருக்க வேண்டும். பாதங்கள் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். இரு ஆள்காட்டி விரல்களுக்கு இடைப்பட்ட அகலம் 81 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. தண்டு மார்பில் அசைவற்று நின்ற பின்னரே தள்ளுவதற்கான ஆணை கிடைக்கும். 2023 முதல், தண்டு மார்பைத் தொடும் நிலையில் முழங்கைகளின் அடிப்பகுதி தோள்மூட்டின் மேல்மட்டத்துக்காவது இறங்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்திருக்கிறது. இவற்றுள் ஒன்று பிசகினாலும் நடுவர்கள் சிவப்பு விளக்கைக் காட்டலாம். மூவருள் இருவர் காட்டினால், தூக்கியது 200 கிலோவே ஆனாலும் அது கணக்கில் சேராது. உலகப் போட்டியிலேயே செல்லாத எடையை நம் ஊர்ப் பயிற்சிக்கூடத்தில் நண்பர்கள் கைதட்டிச் செல்லுபடியாக்குகிறார்கள். அக்கைதட்டலுக்கான விலையைக் கொடுப்பது தோள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் பளுவுயர்த்தல் முழுக்க முழுக்க பெஞ்ச் பிரஸ் ஒன்றே என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறோம். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட ஆண்களுக்காக 1964ஆம் ஆண்டு டோக்கியோவில் பளுதூக்கல் சேர்க்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு சிட்னியிலிருந்து பெண்களும் பங்கேற்கிறார்கள். கால்களை நீட்டிப் பலகையின்மேலேயே வைத்து, வேண்டுமானால் பட்டையால் கட்டிக்கொண்டு, தோளையும் கையையும் மட்டும் நம்பி அவர்கள் தூக்குகிறார்கள். இளமையிலேயே போலியோவால் பாதிக்கப்பட்ட ராஜிந்தர் சிங் ரஹேலு, 2004ஆம் ஆண்டு ஏதென்சு பாராலிம்பிக்கில் 56 கிலோ பிரிவில் இந்தியாவுக்கு வெண்கலம் பெற்றுத்தந்தார். போலியோவால் பாதிக்கப்பட்ட மற்றொரு வீரரான சுதீர், 2022ஆம் ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் 212 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். காலின் வலு துணைக்கு வராத இடத்தில் தோள்பட்டையின் அமைவு எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு இவர்களைவிடச் சான்று வேண்டியதில்லை. கால் செயலிழந்த மகனையோ மகளையோ இயன்முறைச் சிகிச்சைக்கு அழைத்துவரும் குடும்பத்தார், இப்பயிற்சி தங்கள் பிள்ளைக்கு அப்பாற்பட்டது என்று எண்ண வேண்டாம். மருத்துவர், இயன்முறை மருத்துவர் ஆகியோரின் வழிகாட்டுதலோடு தொடங்கக்கூடியதுதான் அது.

எடையைக் கூட்டுவதற்கும் ஒழுங்கு உண்டு. முதல் சில வாரங்கள் வெறும் தண்டே போதும். போட்டித்தரமான தண்டு 20 கிலோ. உள்ளூர்க் கூடங்களில் தண்டின் எடை மாறுபடும் ஆதலால் எடைபோட்டு அறிந்துகொள்வது நல்லது. தண்டால் எடுக்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. ஆகவே முறையாகப் பதினைந்து தண்டால் எடுக்க இயலாதவர், பலகையில் எடை கூட்ட அவசரப்பட வேண்டியதில்லை. ஒரே சீராகப் பன்னிரண்டு முறை தூக்க முடிந்த பின், பக்கத்துக்கு 1.25 கிலோ வீதம் கூட்டினால் போதும். தசை சில மாதங்களில் பெருக்கும். தசைநாண் அவ்வளவு விரைவில் வலுப்பெறாது. ஊக்க ஊசிகளால் தசையை மட்டும் விரைவாகப் பெருக்குவோர்க்கு நாண் அறுந்துபோகும் ஆபத்து கூடுவதன் காரணமும் இதுவே.

தனியாகப் பயிற்சி செய்வதைப் பற்றி எங்கள் கருத்தில் தயக்கமே இல்லை. அருகில் ஆளில்லாமல், வீட்டு மாடியிலோ பூட்டிய கூடத்திலோ, இப்பயிற்சியை எடையோடு செய்யக்கூடாது. மார்பின்மேலோ கழுத்தின்மேலோ தண்டு அமர்ந்துவிட்டால் கூப்பிடக் குரல் எழாது. மூச்சுத் திணறிச் சில நிமிடங்களில் உயிர் போகும். 'சப்போர்ட்' கொடுப்பவர் தலைப்பக்கம் நிற்க வேண்டும். எத்தனை முறை தூக்கப்போகிறார் என்பதை முன்பே அவர் அறிந்திருக்க வேண்டும். கைபேசியைப் பையில் வைத்துவிட வேண்டும். தடுப்புக் கம்பிகள் உள்ள கூண்டு இருந்தால், நிமிர்ந்த மார்பின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே அவற்றை அமைத்துக்கொள்ளலாம். தூக்க முடியாமற்போனால் மார்பைத் தளர்த்தியதும் தண்டு கம்பியின்மேல் தங்கிவிடும். ஆளும் இல்லை, கூண்டும் இல்லை என்றால் அன்றைக்குத் தண்டால் போதும். அதனால் யாருக்கும் வலு குறைந்துவிடாது.

சிலர் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும். கட்டுப்படாத இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், கண்ணழுத்த நோய், சர்க்கரையால் விழித்திரை பாதிப்பு ஆகியவை உள்ளோர் அவ்வகையினர். நெஞ்செலும்பைப் பிளந்து செய்யும் இதய அறுவைக்குப் பின் அவ்வெலும்பு ஒட்டுவதற்குப் பொதுவாக இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதன் பின்னரும் மருத்துவர் சொல்லாமல் தண்டின் பக்கம் போகக்கூடாது.

நம் ஊருக்கென்று இன்னொன்றையும் சேர்க்கிறோம். பீங்கான் கலவையில் சிலிக்கா உண்டு. அதன் நுண்தூசியைப் பல ஆண்டுகள் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் சிலிக்கோசிஸ் நோய் வரலாம். அதனை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. காசநோய் தொற்றும் வாய்ப்பும் அதனால் மிகும். கலவைக்கூடத்திலும் மெருகிடும் இடத்திலும் வேலைசெய்யும் ஒருவர்க்குப் படியேறினாலே மூச்சு வாங்குகிறது என்றால், "உடம்பு தளர்ந்துவிட்டது, ஜிம்முக்குப் போனால் சரியாகும்" என்று எண்ணிவிட வேண்டாம். நெஞ்சு ஊடுகதிர்ப் படமும் மூச்சுத்திறன் சோதனையும் முதலில், பயிற்சி பிறகு.

காயத்தின் அறிகுறிகளையும் குடும்பத்தார் தெரிந்துகொள்வது நலம். தண்டை இறக்கும்போது மார்பிலோ அக்குளிலோ எதோ 'பட்' என்று அறுந்தது போன்ற உணர்வு, அதைத் தொடர்ந்து மேற்கையில் கருநீலம் பரவுதல், அக்குளின் முன்மடிப்பு மறுபக்கத்தைவிட மெலிந்து தெரிதல் ஆகியவை மார்புத் தசைநாண் அறுந்ததற்கு அடையாளங்கள். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குட்பட்ட ஆண்களிடமே இது மிகுதி. எண்ணெய் தேய்த்து உருவுவதால் பயனில்லை, கெடுதல் உண்டு. துணியில் பொதிந்த பனிக்கட்டி ஒத்தடம் கொடுத்து, கையைத் தூளியிட்டு உடனே அழைத்துவாருங்கள். அறுவை தேவைப்படுமாயின் முதல் சில வாரங்களில் செய்வதே நல்ல பலன் தரும். விரல்கள் மரத்துப்போதல், இரவில் எழுப்பும் தோள்வலி, இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் நீங்காத வலி ஆகியவற்றுக்கும் மருத்துவரைக் காணுங்கள். பயிற்சியின்போது நெஞ்சை அழுத்தும் வலியோடு வியர்வையும் வந்து, வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினால், அதனைத் தசைவலி என்று தள்ளிப்போடாமல் 108 எண்ணை அழையுங்கள்.

இறுதியாக, மூவரிடம் மூன்று வேண்டுகோள்கள். பயிற்சிக்கூடம் நடத்துவோரே, புதிதாகச் சேரும் ஒவ்வொருவர்க்கும் முதல் வாரம் எடை கொடுக்காமல் படுக்கை முறையை மட்டும் கற்பியுங்கள். தனியாக யாரையும் பலகையில் படுக்க விடாதீர்கள். செராமிக் தொழிற்கூட உரிமையாளர்களே, வேலைக்கு நடுவே தோளை நிமிர்த்திக்கொள்ளச் சில நிமிடங்களும், தூசிக்குத் தகுந்த முகக்கவசமும் தொழிலாளர்க்குக் கொடுங்கள். பெற்றோரே, இன்று மாலை மகனோ மகளோ பயிற்சி முடிந்து வீடு திரும்பும்போது, "எத்தனை கிலோ தூக்கினாய்?" என்று கேட்காதீர்கள். "எப்படிப் படுத்தாய், தோளை எங்கே வைத்தாய், தலைமாட்டில் யார் நின்றார்?" என்று கேளுங்கள். அவர்கள் விடை சொல்லத் தடுமாறினால் இப்பக்கத்தை அவர்கள் கையில் கொடுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது இயன்முறைச் சிகிச்சைப் பிரிவுக்கும் அழைத்துவாருங்கள். வெறும் தண்டோடு, அல்லது ஒரு மூங்கில் கழியோடு, முறையான படுக்கையைக் காட்டிக்கொடுக்கக் கால் மணி நேரம் போதும்.